ஏழுமலை மாற்றும் பாஸ்வேர்ட்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் தன் தம்பியைக் கடையை விட்டுத் துரத்தினார், அவன் முகத்தில் விழிக்காமலேயே செத்தும் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பலாம், நம்பாமல் போகலாம், கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சிரிக்கலாம். ஆனால் பொய் சொன்னது உண்மை. அதற்கு என் வாயே சாட்சி.

பேய், ஆவி, பில்லி, சூனியம் எதையும் நான் நம்பியவன் இல்லை. அரசுக் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். வீராம்பட்டினம் தேருக்கு என் மனைவி சரோஜா கூப்பிட்டால் கூட்டம் பார்க்கத்தான் போவேன், கும்பிடப் போக மாட்டேன். அவள் அதற்காக அம்மனிடம் எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவாள். அப்படிப்பட்ட ஆளுக்கு இது நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நான் ஒரு பலகை நடத்துகிறேன். பலகை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். இன்டர்நெட் ஊருக்குள் வருவதற்கு முன்னால், ஒருவர் கம்ப்யூட்டரை இன்னொருவர் டெலிபோன் வழியாகக் கூப்பிட்டு, செய்தி எழுதிப்போட்டு, பதில் படித்துவிட்டுப் போவார்கள். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, படம் கிடையாது. அந்தக் காலத்தில் ஆரம்பித்த பைத்தியம் என்னை விடவில்லை. இப்போது டெலிபோனுக்குப் பதில் இன்டர்நெட் வழியாக வருகிறார்கள், மற்றபடி அதே கறுப்புத் திரைதான். வருகிறவர்கள் என்னைப் போன்ற கிழங்கள், ரேடியோ பிரியர்கள், இரண்டொரு காலேஜ் பிள்ளைகள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறவன் பொறுப்பில்லாமல் எழுதுவான் என்பது என் கொள்கை. யார் பொறுப்பில்லாதவன் என்று பின்னால் தெரிந்தது.

பலகைக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் ஏழுமலை. மார்க்கெட் பக்கம் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்தார். புதுச்சேரியில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மதியம் ஆனால் கடைகள் பாதிக்குமேல் ஷட்டரை இறக்கிவிடும், வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப்போன தூக்கம். ஊர் தூங்கும் நேரத்தில் ஏழுமலை தூங்க மாட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் பலகைக்கு வருவார். ஒற்றை விரலால் அடிப்பார், வார்த்தைக்கு வார்த்தை இரண்டு இடம் விடுவார். "சார், இன்னிக்கு ரேடியோவுல ஒரு அரபு நாட்டு ஸ்டேஷன் கெடைச்சிது" என்று ஒருநாள், "சார், சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா எல்லாம் போவுதே, அதுக்குக் கணக்கு இருக்கா" என்று ஒருநாள். கடையில் கூடவே இருந்தவன் அவர் தம்பி முருகையன். வயரிங் வேலை பார்ப்பவன். கடைக் கம்ப்யூட்டரை வாங்கிவந்து, பலகையில் அண்ணனுக்குக் கணக்குத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டுக்கொடுத்ததும் அவன்தான்.

ஏழுமலை எனக்கு ஒருமுறை தனி மடல் எழுதினார். தனி மடல் என்றால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் பார்ப்பது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, அடியோடு நின்றுபோயிருந்தது. "பையன் வீட்டுல சொல்லணுமா சார், மறைச்சாப் பாவமா, நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்று கேட்டிருந்தார். நான் யோசித்து எழுதுகிறேன் என்று ஒரு வரி பதில் போட்டேன். யோசிக்கவில்லை, ஏனென்றால் அந்த வாரம் நான் வெப் சர்வர் போட்டுக்கொண்டிருந்தேன்.

பலகைக்குப் புதிதாக யாரும் வருவதில்லை என்று எனக்குக் குறை. கறுப்புத் திரைக்கு யார் வருவார்கள். அதனால் அதே கம்ப்யூட்டரில் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு வெப் சர்வரையும் ஓடவிட்டு, பலகையில் இருக்கும் செய்திகளையெல்லாம் வெப்சைட் பக்கங்களாக மாற்றி உலகத்துக்குக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். பலகையில் பொதுச் செய்தியும் தனி மடலும் ஒரே பெட்டியில்தான் கிடக்கும். தனி மடலின் தலையில் ஒரு குறி இருக்கும், பலகை அந்தக் குறியைப் பார்த்துத்தான் மறைக்கும். என் புரோகிராம் அந்தக் குறியைப் பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். பலகை நடத்துகிறவன் தூக்கத்தில்கூட மறக்கக்கூடாத விஷயம் அது. பக்கங்கள் வந்ததும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைப் பையன் வருங்கால மாமனார் பெயரைச் சும்மா இன்டர்நெட்டில் தேடியிருக்கிறான். பெயரும் ஊரும் கடையுமாக அந்தத் தனி மடலே கிடைத்துவிட்டது. சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுத்திருந்தபோது ஏழுமலை டெலிபோனில் கூப்பிட்டார்.

"சார், நான் உங்களுக்கு எழுதுனத அவங்க படிச்சிக் காட்றாங்க சார். தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எப்படி சார் வெளிய போச்சி? உங்களுக்கும் எனக்கும் தானே தெரியும்?"

மாடிக்கு ஓடினேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. குறியைப் பார்க்கும்படி புரோகிராமைத் திருத்தினேன், அந்த மடல் இருந்த பக்கத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்தேன். பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். அதற்குள் என் வாய் முடிவு செய்துவிட்டது.

"ஏழுமலை, என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காவது தெரியுமா?"

"தம்பிக்குத் தெரியும் சார். அவன்தானே போட்டுக்குடுத்தான்."

"அப்ப அங்கதான் பாக்கணும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்குக் கனம் சேர்க்க வேண்டும் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். "மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. தினமும் மாத்துங்க. உங்களுக்கு மடல் வந்தா தொறக்காதீங்க, என் பேர்ல வந்தாலும் தொறக்காதீங்க. யாரு வேணும்னாலும் யாரு பேர்ல வேணும்னாலும் வரலாம். பேரப் பாத்து நம்பாதீங்க."

"சரி சார்" என்றார். "நீங்க இல்லன்னா எனக்கு இதெல்லாம் தெரியாது சார்."

அன்று சாயங்காலமே கடை வாசலில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. மகள் கல்யாணத்துக்காக அண்ணன் வாங்கிய கடனில் முருகையனுக்கு ஏதோ மனத்தாங்கல் இருந்ததாம், அதனால்தான் செய்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். ஏழுமலை ஷட்டரை இறக்கிவிட்டாராம். எனக்கு எல்லாம் காதுக்கு வந்தது. போய்ச் சொல்லலாம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்றிய நாட்கள் உண்டு. சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏழுமலை மட்டும் நான் சொன்னபடி மதியத்தில் வந்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எதையும் படிக்காமல் போய்க்கொண்டிருந்தார். வருஷம் திரும்புவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

சாவுக்குப் போனேன். முருகையன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்திருந்தான். அண்ணி அவனை வாசல் ஏற விடவில்லை. பாடை நகர்ந்தபோது தோள் கொடுக்க எழுந்தவன், யாரும் கூப்பிடாததால் அப்படியே நின்றான். நான் மாலையைப் போட்டுவிட்டு அவனைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினேன்.

இனிமேல்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து பலகையின் பதிவைப் பார்த்தேன். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று பலகை தானாகவே எழுதிவைக்கும். மதியம் ஏழுமலை வந்திருந்தார். பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். போயிருந்தார். முந்தின நாளும் அப்படியே. வெப் சர்வரின் பதிவைப் பார்த்தேன். அதே நிமிஷத்தில் யாரோ அவருடைய பழைய மடல் இருந்த பக்கத்தைக் கேட்டிருந்தார்கள், அப்படி ஒரு பக்கம் இல்லை என்று சர்வர் பதில் சொல்லியிருந்தது. போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் போவதுபோல.

யாருக்கோ அவர் பாஸ்வேர்ட் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது, அது நான் அவருக்குச் சொன்ன அதே பொய். முருகையனாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன், பாருங்கள் என் யோக்கியதையை. கடைக் கம்ப்யூட்டரை ஏழுமலையின் மனைவி கருமாதி முடிந்த கையோடு விற்றுவிட்டிருந்தாள். நானே ஏழுமலையின் கணக்குக்கு ஒரு புதுப் பாஸ்வேர்ட் போட்டேன், ஒருவரிடமும் சொல்லவில்லை, காகிதத்தில் எழுதவும் இல்லை. மறுநாள் மதியம் அதைக் கொடுத்தே உள்ளே வந்து, அதையும் மாற்றிவிட்டுப் போயிருந்தது. கணக்கையே அழித்தேன். அழித்த பெயரில் வந்தது.

கடைசியில் ஒரு மதியம் மாடியில் உட்கார்ந்தேன். வெயில் சுட்டது, தெருவில் நாய்கூட இல்லை, கீழே சரோஜா தூங்கிக்கொண்டிருந்தாள். பலகை நடத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, உள்ளே வந்திருப்பவர் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே தன் திரையில் பார்க்கலாம். பலகை பெயர் கேட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஒற்றை விரல் தேடித்தேடி அடிக்கும் வேகத்தில். நான் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை. எழுத்துகள் விழுந்துகொண்டேயிருந்தன. பழைய பாஸ்வேர்ட், புதுப் பாஸ்வேர்ட், மறுபடியும் புதுப் பாஸ்வேர்ட். மாற்றப்பட்டது என்று பலகை சொன்னது. நன்றி என்று அடித்தது. பலகைக்கு நன்றி சொல்கிற பழக்கம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

நான் கீழே இறங்கி வந்து சரோஜாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேய் என்ற இடத்தில் பயப்படவில்லை.

"அந்தாளு தம்பிய நீங்களா பிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "பொட்டியோட குடும்பம் நடத்துறீங்கன்னு கேலி பண்ணுவேன். ஒரு குடும்பத்தையே அதுல போட்டு அடைச்சிட்டீங்களே" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏழுமலைக்கு ஒரு மடல் எழுதினேன். தப்பு என்னுடையது, புரோகிராம் என்னுடையது, முருகையன் ஒன்றும் செய்யவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. மறுநாள் மதியம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் பலகை கேட்டது: உங்களுக்குப் புதிய மடல் இருக்கிறது, படிக்கிறீர்களா? இல்லை என்று விழுந்தது. தினமும் கேட்டது. தினமும் இல்லை. என் பேரில் வந்தாலும் திறக்காதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா.

அதனால் உயிரோடிருப்பவனிடம் போனேன். ஏழுமலை வீட்டு அம்மாளிடமும் மகளிடமும் முதலில் சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. மகள்தான் வாசல்வரை வந்து, "சித்தப்பாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க சார், எங்களால முடியாது" என்றாள். முருகையன் ஒரு புது வீட்டில் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கும்வரை உளியைக் கீழே வைக்கவில்லை.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சாவுக்கு வந்தீங்களே. என்னப் பாத்தீங்களே, சார்."

"பாத்தேன்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியத்தில் நடப்பதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரித்தான்.

"நல்லாத்தான் கத கட்றீங்க. மன்னிப்பு கேக்க இவ்ளோ பெரிய கத வேணுமா?"

ஆனால் மறுநாள் மதியம் வந்துவிட்டான். சரோஜா மோர் கொடுத்தாள், வாங்கி ஜன்னலில் வைத்தான், குடிக்கவில்லை. எழுத்துகள் விழ ஆரம்பித்தன.

"இந்த ரெண்டு எடம் வுடறது" என்றான். "நான் எத்தினி வாட்டி சொல்லிருக்கேன், ஒண்ணு போதும்ணே, ஒண்ணு போதும்ணேன்னு."

உள்ளே இருப்பவரோடு நேராகப் பேச ஒரு வழி உண்டு, அதைத் திறந்து அவனிடம் விட்டேன். அவன் அடித்தான்: அண்ணே, நான் முருகையன்.

பதில் விழுந்தது: சார் சொல்லியிருக்காரு. பேரப் பாத்து நம்பக் கூடாதுன்னு.

முருகையன் விரலை எடுத்துவிட்டான். "நான் சொன்னா கேக்க மாட்டாரு சார். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. எப்பவும் அப்படித்தானே" என்று எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

உட்கார்ந்து அடித்தேன்: ஏழுமலை, நான் சார்தான். அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க தம்பி ஒண்ணும் பண்ணல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னலில் மோர் டம்ளருக்குள் ஒரு ஈ விழுந்து நீந்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

சார் பொய் சொல்ல மாட்டாரு. நீ யாரு?

அவ்வளவுதான். பாஸ்வேர்டை மாற்றியது. நன்றி. போய்விட்டது.

முருகையன் படியிறங்கிப் போனான். அதன் பிறகு அவன் வரவில்லை. அண்ணன் வருஷத் திதியை அவனே நின்று கொடுத்தான் என்றும், கடைச் சாவியை அண்ணி அவன் கையில் கொடுத்துவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். கடைவீதியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது நியாயம்.

பலகையை நிறுத்திவிடுங்கள் என்று சரோஜா சொல்கிறாள். எப்படி நிறுத்துவது? மடல் அங்கே காத்திருக்கிறது, ஒருநாள் இல்லை என்பதற்குப் பதில் சரி என்று விழாதா.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். முருகையன் வந்துபோன மறுநாள், என் சொந்தப் பெயரில் பலகைக்குள் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்ட் தவறு என்றது. இத்தனை வருஷமாக நான் வைத்திருக்கும் பாஸ்வேர்ட். பதிவைப் பார்த்தேன். முந்தின மதியம், ஏழுமலை தன் பாஸ்வேர்டை மாற்றியதற்கு அடுத்த வரியில், என் பாஸ்வேர்டும் மாற்றப்பட்டிருந்தது. அதற்கு அவருக்கு அதிகாரமே கிடையாது. நான் கம்ப்யூட்டரைத் திறந்து, பின்வழியாகப் போய்ச் சரி செய்தேன். அடுத்த மதியம் மறுபடியும் மாற்றப்பட்டிருந்தது. இன்று வரைக்கும் அப்படித்தான். முதலில் தன்னுடையது, பிறகு என்னுடையது. யாரோ சார் பெயரில் வந்து பொய் பேசுகிறான் என்று, சாருடைய கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.